முடிந்தது என்கிறது கணினி, எங்கே முடிந்தது?

[திரையில்: நகலெடுக்கும் பட்டை 100 விழுக்காட்டைத் தொடுகிறது. பென்டிரைவின் விளக்கு இன்னும் மினுக்குகிறது.]

பட்டை நிறைந்துவிட்டது. ஆனால் பென்டிரைவை வெளியேற்றச் சொன்னால், 'எழுதிக்கொண்டிருக்கிறது, காத்திருங்கள்' என்கிறது கணினி. எது உண்மை? இரண்டுமே.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நிரல் கோப்பில் எழுதச் சொல்லும்போது, அதன் மையப் பகுதியான கர்னல் அந்தத் தரவை நினைவகத்தில் உள்ள பேஜ் கேஷ் என்ற தற்காலிகத் தேக்கத்தில் வைத்துக்கொண்டு உடனே 'ஆயிற்று' என்று சொல்லிவிடுகிறது. வட்டுக்குப் பெரும்பாலும் இன்னும் எதுவும் போயிருக்காது. இப்படிக் காத்திருக்கும் பக்கங்களுக்கு, அதாவது நினைவகத்தின் சிறு துண்டுகளுக்கு, 'டர்ட்டி பேஜ்' என்று பெயர். வழக்கமான அமைப்பில், பின்னணிப் பணி 5 வினாடிக்கு ஒருமுறை விழித்து, 30 வினாடிக்கு மேல் காத்திருப்பவற்றை வட்டுக்கு அனுப்புகிறது.

[திரையில்: சுழலும் வன்தட்டு, அதன் மேல் அசையும் தலை.]

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டுக்கு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி ஆகிறது. வேண்டிய இடம் தலைக்கு நேராக வரச் சராசரியாக அதில் பாதி. தலை நகரும் நேரம் தனி. சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு சிறு பதிவுக்கும் இப்படிக் காத்திருந்தால் வினாடிக்கு நூற்றைத் தாண்டுவதே பெரும்பாடு. தேக்கி வைத்தால் நிலைமை வேறு. ஒரே பக்கத்தைப் பத்து முறை திருத்தினாலும் கடைசி வடிவம் மட்டும் போனால் போதும். அடுத்தடுத்த பக்கங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே நீண்ட பதிவாகின்றன. லினக்ஸில் கோப்புகளை வட்டில் அடுக்கிவைக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, வட்டில் எந்த இடம் என்ற முடிவையே ஒத்திப்போடுகிறது. கோப்பு எவ்வளவு பெரிது என்று தெரிந்தபின் இடம் ஒதுக்குவதால் அது துண்டு துண்டாகச் சிதறுவது குறைகிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

தேக்கத்துக்கும் எல்லை உண்டு. டர்ட்டி பேஜ்கள் கிடைக்கும் நினைவகத்தில் சுமார் 20 விழுக்காட்டை நெருங்கினால், எழுதும் நிரலையே கர்னல் நிறுத்தி நிறுத்தி விடுகிறது. பறந்துகொண்டிருந்த நகலெடுப்பு திடீரென ஊர்வது இதனால்தான். சிறிய கோப்பை எழுதிப் பார்த்து 'என் வட்டு இவ்வளவு வேகம்' என்பவர் அளந்தது நினைவகத்தின் வேகத்தை.

[திரையில்: மின்சாரம் போய்த் திரை இருள்கிறது.]

நினைவகத்தில் காத்திருந்ததெல்லாம் போயிற்று. இழக்கக் கூடாத தரவை எழுதும் நிரல், தேங்கியதை உடனே வட்டில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பை விடுத்து, வட்டிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். தரவுத்தளங்கள் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் இந்த விலையைக் கொடுக்கின்றன.

அந்த எஃப்சிங்க்கே தோற்றால்? மீண்டும் முயன்றால் போதும் என்று போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் நெடுங்காலம் நம்பியிருந்தது. எழுத முடியாமற்போன பக்கத்தையும் லினக்ஸ் 'எழுதியாயிற்று' என்று குறித்துவிடுவதும், அதனால் இரண்டாம் முயற்சி வெற்றி என்று பொய்யாகத் திரும்புவதும் 2018-இல்தான் அதை உருவாக்குபவர்களுக்குத் தெரியவந்தது. இப்போது எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே அந்தத் தரவுத்தளம் தன்னை நிறுத்திக்கொண்டு, முன்பே எழுதிவைத்த பதிவேட்டிலிருந்து தரவை மீட்டெடுக்கிறது.