டிரம்ஸ் இல்லாத மேடையில் ஒரு கட்டைவிரல்

நேயர்களுக்கு வணக்கம்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து இளையராஜா பாட்டு கேட்டுக்கொண்டு போயிருப்பீர்கள். மேலே குரலும் வயலின்களும் போய்க்கொண்டிருக்க, அடியில் ஒன்று தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். மற்றதை விட்டுவிட்டு அதை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், அதுவே தனியாக ஒரு மெட்டாக இருக்கும். அதுதான் பேஸ் கிட்டார். முப்பது வருடமாக மெல்லிசைக் கச்சேரிகளில் நான் வாசித்து வருவது அதைத்தான். இன்றைக்கு, அதில் வலது கை செய்கிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

பேஸில் பொதுவாக நான்கு தந்தி. அதில் தடித்த தந்தியைச் சும்மா மீட்டினால் நொடிக்குச் சுமார் 41 அதிர்வு. உங்கள் வீட்டுச் சின்ன ரேடியோவால் அந்த அதிர்வை எழுப்பவே முடியாது. ஆனாலும் நமக்குக் கேட்கிறது. அதோடு சேர்ந்து எழும் 82, 123 போன்ற மேல் அதிர்வுகளை வைத்து, அடியில் இருக்க வேண்டியதைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

என்னிடம் கற்க வரும் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் நாளே கேட்பது, "சார், ஸ்லாப் எப்போ சொல்லித் தருவீங்க?" ஸ்லாப் என்றால், கட்டைவிரலால் தந்தியை அடித்து, சுட்டுவிரலால் இன்னொரு தந்தியைச் சுண்டி இழுத்து, 'தொம் தக்' என்று வாசிப்பது. ஆசை நியாயமானதுதான். கேட்டால் யாருக்கும் கை பரபரக்கும். ஆனால் நான் பேஸைக் கையில் எடுப்பதற்கு முன் அவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத கதை.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம், ஓக்லாண்ட் நகரம். 1960-களின் தொடக்கம். லாரி கிரஹாம் என்ற பையன் தன் அம்மாவோடு சேர்ந்து கிளப்புகளில் வாசிக்கிறான். அம்மா டெல் கிரஹாம் பியானோ வாசித்துக்கொண்டே பாடுவார். பையன் கிட்டார். கூட ஒரு டிரம்ஸ்காரர். அவர்கள் வாசித்த ஓர் இடத்தில் ஆர்கன் ஒன்று இருந்தது. பையன் கையால் கிட்டார் வாசித்துக்கொண்டே, காலால் ஆர்கனின் பேஸ் கட்டைகளை மிதித்துக் கீழ் ஸ்வரங்களையும் கொடுத்து வந்தான். ஒரு நாள் அந்த ஆர்கன் பழுதாகிவிட்டது. அடியில் இருந்த கனம் போனதும் பாட்டே வெறுமையாகிவிட்டது. சரி, ஆர்கன் சரியாகும்வரை இருக்கட்டும் என்று ஒரு பேஸ் கிட்டாரை வாடகைக்கு எடுத்து வந்தான். ஆர்கனைச் சரிசெய்யவே முடியவில்லை. பேஸ் நிலைத்துவிட்டது.

அப்புறம் அம்மா டிரம்ஸ் இல்லாமல் இரண்டு பேராகவே வாசிக்கலாம் என்று முடிவெடுத்தார். மேடையில் பியானோவும் பேஸும் மட்டும். தாளம் யார் கொடுப்பது? கிரஹாம் கட்டைவிரலால் தடித்த தந்தியை அடித்தார். அது காலால் மிதிக்கும் பெரிய டிரம்முக்கு. சுட்டுவிரலால் மெல்லிய தந்தியைச் சுண்டினார். அது 'தக்' என்று ஒலிக்கும் சின்ன ஸ்நேர் டிரம்முக்கு. மிருதங்கம் கேட்டுப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு பக்கம் தொப்பி, ஒரு பக்கம் வலந்தலை. இரண்டையும் நான்கு தந்தியில் கொண்டுவந்துவிட்டார். அவருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகியிருக்காது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இந்தக் கதையில் வானொலிக்கும் ஒரு பங்கு உண்டு. பின்னால் பெரிய இசைக்குழுத் தலைவரான ஸ்லை ஸ்டோன் அப்போது சான் பிரான்சிஸ்கோ வானொலி ஒன்றில் அறிவிப்பாளர். அம்மாவும் பிள்ளையும் வாசிப்பதைத் தவறாமல் கேட்க வரும் ஒரு பெண்மணி, நிலையத்துக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் கூப்பிட்டு, 'அந்தப் பையனை ஒரு தடவை வந்து கேளுங்கள்' என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். கிரஹாமே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஸ்லை வந்து கேட்டார், தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1969-இல் அந்தக் குழு வெளியிட்ட ஒரு பாட்டில் அந்தக் கட்டைவிரல் உலகம் முழுக்கக் கேட்டது. ஒரு நேயரின் பிடிவாதம்! அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இதற்கு முன்பே நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் கலைஞர்கள், பெரிய வயலின் போல நிற்க வைத்து வாசிக்கும் ஆளுயரப் பேஸில் தந்தியை இழுத்து அறைந்து வாசித்தது உண்டு. கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டரின் எலெக்ட்ரிக் பேஸ் 1951-இல்தான் வந்தது. அதில் இந்தப் பாணியை ஒரு மொழியாக்கியவர் கிரஹாம். இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அந்தக் கட்டைவிரல் ஒரு டிரம்ஸ்காரரின் வேலையைச் செய்ய வந்தது. டிரம்ஸ்காரர் அடியைப் போலவே இடைவெளியையும் எண்ணிக்கொண்டிருப்பார். ஸ்லாப் கற்பவரும் அந்த இடைவெளியை எண்ண வேண்டும்.

இப்போது உட்கார்ந்த இடத்திலேயே ஒன்று செய்து பாருங்கள். வலது கையைத் தொடை மேல் வையுங்கள். கை கழுவிவிட்டு ஈரத்தை உதறுவது போல மணிக்கட்டைச் சுழற்றி, கட்டைவிரல் கணுவின் பக்கவாட்டு எலும்பால் தொடையில் தட்டுங்கள். தட்டியதும் விரல் தானாகத் துள்ளி எழ வேண்டும். அமுக்கி வைத்தால் சத்தம் செத்துவிடும். முழங்கையை ஆட்ட வேண்டாம், பூட்டில் சாவி திருப்புகிற அளவு அசைவு போதும். பேஸில் இதே அடி கழுத்து முடிகிற இடத்தில், கடைசி ஃப்ரெட்டுகளின் மேல் விழும். ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பி. தந்தி ஃப்ரெட்டில் மோதி 'டங்' என்று உலோகச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் மேல் அதிர்வுகள் நிறைய. முன்னால் ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். சின்ன ரேடியோவிலும் ஃபோனிலும்கூட ஸ்லாப் பளிச்சென்று கேட்பதற்கு அதுதான் காரணம்.

சரி, கடினம் எங்கே இருக்கிறது? அடிப்பதில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது. அடித்த தந்தி ஒன்று. அதன் அதிர்வில் பக்கத்துத் தந்திகளும் முனகத் தொடங்கும். அந்த முனகலை அடக்குவது இடது கை. வாசிக்காத விரல்களைத் தந்திகள் மேல் லேசாகப் படுக்க வைக்க வேண்டும், அழுத்தக்கூடாது. ஒரு மாணவன் வீட்டில் வேகமாகப் பழகிக்கொண்டு வந்து வாசித்துக் காட்டினான். விரல்கள் பறந்தன. ஆனால் கேட்டது ஒரே இரைச்சல். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜ் பக்கம், அதாவது பேஸின் உடலில் தந்திகள் முடிகிற இடத்தில், தந்திகளுக்கு அடியில் செருகி, 'இப்போ வாசி' என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அன்றைக்குத்தான் அவனுக்குக் கேட்டது.

அந்தப் பஞ்சு என் கண்டுபிடிப்பில்லை. ஃபெண்டரின் பழைய பேஸ்களில் பிரிட்ஜ் மூடிக்குள்ளேயே அப்படி ஒரு பஞ்சு இருக்கும். டெட்ராய்ட்டின் மோடவுன் இசைக்கூடத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அதை எடுக்காமலே வாசித்தார். தந்திகளையும் அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். ஆளுயரப் பேஸிலிருந்து வந்தவர் என்பதால் வலது கையில் ஒரே ஒரு விரல்தான், சுட்டுவிரல். அந்த ஒரு விரலால் அவர் வாசித்ததை இரண்டு விரலால் வாசிக்க நான் இன்றும் திணறுகிறேன். எத்தனையோ பாட்டுகளைத் தாங்கிய அவர் பெயர் ஒரு மோடவுன் இசைத்தட்டின் உறையில் அச்சாகவே 1971 ஆகிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறாது.

விரலால் மீட்டும்போதும் அதே கதைதான். தந்தியை மீட்டிய விரல் அந்தரத்தில் நிற்காமல் அடுத்த தடித்த தந்தியில் போய்ச் சாய வேண்டும். மீட்டலும் அடக்கலும் ஒரே அசைவில் முடிந்துவிடும். பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் சத்தம் இறுக்கமாக வரும், கழுத்துப் பக்கம் போகப் போக உருண்டையாகும். இதைப் பற்றித் தனியாகச் சொல்ல ஆசைப்பட்டேன். கட்டைவிரலை மேலும் கீழுமாக இரண்டு பக்கமும் பயன்படுத்தும் பேஸ் கலைஞர் விக்டர் வூட்டனைப் பற்றியும் குறிப்பு வைத்திருந்தேன். ஆனால் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது.

கையில் பேஸ் இருப்பவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒரே ஸ்வரம். சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி, இரண்டின் சத்தமும் வித்தியாசம் தெரியாமல் ஆகும்வரை, தினம் பத்து நிமிடம். அப்புறம் தடித்த தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டில் கட்டைவிரல் அடி. அதிலிருந்து இரண்டு தந்தி தள்ளி, ஐந்தாவது ஃப்ரெட்டில் சுண்டல். கீழ் ஸா, மேல் ஸா. நடுவில் முழு அமைதி. சுண்டும்போது விரல் நுனி மட்டும் தந்திக்கு அடியில் போனால் போதும், ஆழமாகக் கொக்கி போட்டால் மாட்டிக்கொள்ளும். கொப்புளம் வந்தால் குத்தி உடைக்காதீர்கள், அன்றைக்குக் கைக்கு ஓய்வு கொடுங்கள்.

நேரம் ஆகிவிட்டது. நன்றி, வணக்கம்.