3.3 வோல்ட் போர்டுல 5 வோல்ட் சாமான்: ஒரே கன்வர்ட்டர் போதுமா?

அடுத்த கேள்வி. "இஎஸ்பி32 போர்டோட அல்ட்ராசோனிக் சென்சார், டபிள்யூஎஸ்2812பி எல்இடி ஸ்ட்ரிப், ஐ2சி எல்சிடி மூணையும் சேர்க்கணும். மூணுக்கும் 5 வோல்ட் சப்ளை. நாலு சேனல் லெவல் கன்வர்ட்டர் ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் அது வழியா விட்டா போதுமா சார்?"

போதாதுங்க. லெவல் கன்வர்ட்டர்ங்கிறது 3.3 வோல்ட் சிக்னலை 5-ஆவும், 5-ஐ 3.3-ஆவும் மாத்துற சின்ன போர்டு. எல்சிடிக்கு அது சரியான சாமான். சென்சாருக்குத் தேவையே இல்ல. ஸ்ட்ரிப்புக்குப் போட்டா வேலை கெடும். எல்லாத்துக்கும் முன்னாடி, ரெண்டு சப்ளையோட கிரவுண்டையும் ஒண்ணா சேத்துடுங்க. அது இல்லாம மத்த எதுவும் உருப்படாது.

சென்சார், ஹெச்சி-எஸ்ஆர்04. அளக்கச் சொல்ற டிரிக் பின்னுக்கு நேரா 3.3 வோல்ட் கொடுக்கலாம், பெரும்பாலும் எடுத்துக்கும். பதில் அனுப்புற எக்கோ பின்தான் ஆபத்து, அது 5 வோல்ட் தள்ளும். இஎஸ்பி32 பின் தாங்குறது சப்ளைக்கு மேல 0.3, அதாவது 3.6 வோல்ட் வரைக்கும்தான். எக்கோல இருந்து 1 கே (1000 ஓம்) ரெசிஸ்டர் வழியா ஜிபிஐஓ (இஎஸ்பி32-வோட சிக்னல் பின்), அந்த ஜிபிஐஓல இருந்து 2 கே வழியா கிரவுண்டு. 3.33 வோல்ட் கிடைக்கும். 2 கே கிடைக்கலன்னா ரெண்டு 1 கே-வை வரிசையா போடுங்க. எக்கோ வயரைக் கழட்டி, அந்த 1 கே முனையில 5 வோல்ட் கொடுத்து, நடுவுல மீட்டர் வெச்சுப் பாத்துட்டு அப்புறம் போர்டுல மாட்டுங்க.

"நான் நேராவே மாட்டியிருக்கேன், ஓடுதே"ன்னு சொல்றவங்க உண்டு. ஓடும். அதிகப்படியான கரன்ட் சிப்புக்குள்ள இருக்குற பாதுகாப்பு டயோடு வழியா 3.3 லைனுக்குள்ள போயிட்டிருக்கும். அந்த டயோடு தொடர்ந்து கரன்ட் சுமக்க வெச்சது இல்ல.

இப்போ ஸ்ட்ரிப். இங்க எதுவும் எரியாது, பிரச்சினை வேற. டேட்டா பின் "ஹை"ன்னு ஒத்துக்க சப்ளையில 0.7 மடங்கு வேணும். 5 வோல்ட்னா 3.5. நம்மகிட்ட இருக்குறது 3.3. மேசையில நல்லா எரியும், வயர் நீளமானா கண்டபடி மினுக்கும். இதுல ஒரு வேடிக்கை: வயர்ல டிராப் ஆகி சப்ளை 4.5 ஆயிட்டா தேவை 3.15-க்கு இறங்கிடும், ஒழுங்கா ஓடும். நல்ல சப்ளை வாங்கி மாட்டினதும் கெட்டுப்போச்சுன்னு புலம்புறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கன்வர்ட்டர் ஏன் கூடாது? பிஎஸ்எஸ்138 டிரான்சிஸ்டர் போட்ட அந்த நாலு சேனல் மாட்யூல்ல சிக்னலை மேல இழுக்குறது 10 கே ரெசிஸ்டர். வயர்ல 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருந்தா, 10 கே-வோட பெருக்கினா 1 மைக்ரோசெகண்ட். ஸ்ட்ரிப்புக்கு ஒரு பிட்டே 1.25 மைக்ரோசெகண்ட்தான், அதுல "பூஜ்யம்"னா ஹை இருக்குறது 0.4. சிக்னல் ஏறி முடிக்கிறதுக்குள்ள நேரம் போயிடும்.

ஸ்ட்ரிப்புக்கு 74ஏஹெச்சிடி125-ங்கிற பஃபர் சிப் வாங்குங்க, 3.3 சிக்னலை வாங்கி 5-ஆ தள்ளும். "டி" இருக்கான்னு பாத்து வாங்குங்க. கடையில 74ஹெச்சி125 கொடுத்தா திருப்பிக் கொடுத்துடுங்க, அதுக்கும் அதே 3.5 வோல்ட் வேணும். "டி" உள்ளதுக்கு 2 வோல்ட் போதும். 14-வது பின் 5 வோல்ட், 7 கிரவுண்டு, இந்த ரெண்டுக்கும் நடுவுல 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர். 1-வது பின் கிரவுண்டுக்கு. அதை விட்டுட்டா அவுட்புட் நம்ப முடியாது. 2-ல இஎஸ்பி32, 3-ல இருந்து 330 ஓம் வழியா ஸ்ட்ரிப். சும்மா இருக்குற 4, 5, 9, 10, 12, 13 இன்புட்டுகளையும் கிரவுண்டுல கட்டிடுங்க.

எல்சிடி பின்னாடி இருக்குற பிசிஎஃப்8574 சிப் போர்டுல புல்-அப் (லைனை மேல இழுக்குற ரெசிஸ்டர்) 5 வோல்ட்டுக்குப் போகும். அதைக் கழட்டிட்டு 3.3-க்கு இழுத்தா சரியாயிடும்னு ஒரு யோசனை சொல்வாங்க. இந்தச் சிப்புக்கும் 3.5 வேணும், அதனால நான் சொல்ல மாட்டேன். உங்க கன்வர்ட்டருக்கான இடம் இதுதான். எஸ்டிஏ, எஸ்சிஎல்னு ஐ2சி-க்கு ரெண்டு வயர்; ரெண்டு முனையில இருக்குற சிப்பும் லைனைக் கீழ மட்டும்தான் இழுக்கும், மேல இழுக்குறது ரெசிஸ்டர். அதனால 100 கிலோஹெர்ட்ஸ்ல 10 கே வேகம் தாராளம். கன்வர்ட்டரோட எல்வி பின்னுக்கு 3.3, ஹெச்வி பின்னுக்கு 5, எஸ்டிஏ ஒரு சேனல், எஸ்சிஎல் ஒரு சேனல். மீதி ரெண்டு சேனல் சும்மா கிடக்கட்டும்.