உப்பும் கொழுப்புமாய் ஒரு காலைப் பணிஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

அபர்டீனுக்கு நாங்கள் குடிவந்த முதல் கிழமை, யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. நான் எந்த நாட்டில் இருந்தாலும் அது மாறாது. "பற்றரி" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "டோர்ச்சுக்குப் போடுகிறதா பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மாவில் பிழை இல்லை. பட்டர் நிறைந்தது என்று ஆங்கிலத்தில் வைத்த பெயர் நம் காதில் மின்கலமாகத்தான் விழும். நல்ல வேளையாக, அபர்டீன் நகரத்துக்குள் இந்தக் காலைப் பணிஸுக்கு வேறு பெயர் இருக்கிறது: ரௌவி. நகரத்துக்கு வெளியே, வடகிழக்கு ஸ்கொட்லாந்தின் மற்ற ஊர்களில்தான் பற்றரி என்ற பேச்சு அதிகம். இந்த உரை முடியும்வரை நான் ரௌவி என்றே சொல்கிறேன்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மொழி இருக்கிறது. 'ரோல்' என்ற சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு, செல்லமாக ஒரு 'ஈ' சேர்த்தால் ரௌவி. இப்பகுதியின் பேச்சுவழக்கை டொரிக் என்பார்கள். ஆங்கிலம் தெரியும் என்ற துணிச்சலோடு வந்த எனக்கு முதல் மாதத்தில் பேக்கரிக்காரர் பேசியது பாதிதான் புரிந்தது. "ஃபிட் லைக்?" என்பார். எப்படி இருக்கிறாய் என்று பொருள். இன்னும் நெருக்கமானவர்கள் "உன் புறாக்கள் எப்படி?" என்று கேட்பார்கள். "கொத்திக்கொண்டே இருக்கின்றன" என்பதுதான் அதற்கு மரபான பதில். நான் முதல் தடவை, எங்கள் வீட்டில் புறா இல்லை என்று பொறுப்பாகப் பதில் சொன்னேன்.

ரௌவியைப் பார்த்தவுடன் பிடித்துப்போகும் என்று சொல்ல மாட்டேன். பணிஸ் என்றால் உருண்டு, உப்பி, மேலே பளபளப்பாக இருக்க வேண்டும் என்றுதானே நாம் நினைப்போம்? ரௌவி அப்படி இல்லை. உள்ளங்கை அளவில், சப்பையாக, யாரோ தெரியாமல் மேலே உட்கார்ந்து எழும்பியதுபோல் இருக்கும். மேற்பரப்பில் விரல் அழுத்திய குழிகள். ஒன்றின் வடிவம் மற்றொன்றுக்கு வராது. அடிப்பக்கம் மட்டும் தட்டையாக, தன் கொழுப்பிலேயே பொரிந்து நல்ல மண்ணிறமாக இருக்கும். கடையில் காகிதப் பையில் போட்டுத் தருவார்கள்; வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பை கண்ணாடிபோல் ஊடு தெரியத் தொடங்கிவிடும். பிய்த்தால் ஓரம் ஏடு ஏடாக உதிரும், நடுப்பகுதி சற்று இழுபடும். வாயில் வைத்தால் முதலில் தெரிவது பட்டர் அல்ல, உப்பு. நம் ஊர்ப் போறணையில் சுட்ட ரோஸ் பாணின் கருகிய ஓரத்தை மட்டும் தேடிப் பிய்த்துத் தின்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? ரௌவி முழுவதும் அவர்களுக்கான பகுதிதான்.

ஏன் இத்தனை உப்பு, இத்தனை கொழுப்பு? அபர்டீனில் யாரைக் கேட்டாலும் ஒரே கதையைச் சொல்வார்கள். இந்த ஊர் துறைமுகத்தால் வளர்ந்த ஊர். துறைமுகத்தின் வரலாற்றை 1136ஆம் ஆண்டில் இருந்து கணக்கிடுகிறார்கள். கிழமைக்கணக்கில் வட கடலில் கிடக்கும் மீனவர்களுக்குச் சாதாரணப் பாண் இரண்டு நாளில் காய்ந்து கல்லாகிவிடும். ஆகவே, கெட்டுப்போகாமலும் குளிரில் உடம்புக்குச் சூடு கொடுக்கும்படியும் ஒன்று செய்து கொடு என்று மீனவர்கள் கேட்க, பேக்கரிக்காரர் மாவுக்குள் கொழுப்பைத் திணித்துக் கொடுத்தாராம். இதற்கு ஓலைச்சுவடியோ கல்வெட்டோ கேட்காதீர்கள். வாய்வழி வந்த கதை. ஆனால் ரௌவியையே சாட்சியாக வைத்துப் பார்த்தால் கதை பொருந்துகிறது. காற்று அதிகம் இல்லாத பண்டம், ஆகவே சாக்கில் அடுக்கினாலும் நசுங்க இடமில்லை. ஏற்கெனவே நசுங்கித்தானே இருக்கிறது! கொழுப்பு மாவின் ஈரத்தைச் சட்டென்று போகவிடாது, மாச்சத்து இறுகுவதையும் தாமதப்படுத்தும். நான் ஒரு தடவை இரண்டு ரௌவியையும் இரண்டு துண்டு வெறும் பாணையும் சமையலறைத் தட்டில் மூடாமல் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் பாண் தட்டில் போட்டால் 'டக்' என்றது. ரௌவி விறைத்திருந்தாலும் அடுப்பில் சூடு காட்டியதும் உயிர் வந்துவிட்டது. கடலில் இரண்டு கிழமை தாங்குமா என்பது வேறு விடயம். நான் மூன்றாம் நாளே இரண்டையும் தின்றுவிட்டேன்.

இப்போது இந்த ஊரில் இருந்து கடலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மீனுக்காகப் போவதில்லை. 1970இல் ஃபோர்ட்டிஸ் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அபர்டீனின் முகமே மாறிவிட்டது. எங்களை இங்கே கொண்டுவந்ததும் அந்த எண்ணெய்தான். விமான நிலையம் இருக்கும் டைஸில் இருந்து கடலில் உள்ள எண்ணெய் மேடைக்கு ஹெலிகாப்டர் ஏறினால் என் கணவர் திரும்பிவர இரண்டு கிழமை ஆகும். அப்படி அவர் இல்லாத ஒரு டிசம்பரில்தான் ரௌவி சுடக் கற்றுக்கொண்டேன். டிசம்பரில் இங்கே காலை எட்டே முக்கால் மணிபோலத்தான் சூரியன் எட்டிப் பார்க்கும், மாலை மூன்றரைக்குப் போய்விடும். மனிதர் வேறு என்னதான் செய்வது?

முதலில் தனியாகத்தான் செய்து பார்த்தேன். ரௌவியை 'ஸ்கொட்லாந்தின் குரோசான்' என்று எங்கோ வாசித்திருந்தேன். குரோசான் என்றால் பிரான்ஸில் பேர்போன, அடுக்கடுக்கான பட்டர்ப் பணிஸ். அந்த நம்பிக்கையில் பட்டரைக் கட்டியாகக் குளிரவைத்து, அடிமட்டம் வைத்து அளந்து, மாவை மடித்து மடித்து, அழகான அடுக்குகளோடு சுட்டு எடுத்தேன். பெருமையோடு அடுத்த வீட்டு அம்மையாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டோரிக்காரர் அவர். டீ ஆற்றின் தென்கரையில் இருக்கும் பழைய மீனவர் குடியிருப்பு டோரி. அவருடைய தந்தை அங்கே ஒரு பேக்கரியில் இரவு வேலை பார்த்தவர். அம்மையார் என் படைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கடி கடித்தார். "நன்றாக இருக்கிறது, குவைன்" என்றார். குவைன் என்றால் டொரிக்கில் பெண்பிள்ளை. எனக்கு அப்போது நாற்பது வயது. "ஆனால் இது ரௌவி இல்லை. நீ இதற்கு மரியாதை கொடுத்துவிட்டாய்" என்றார்.

அந்த ஒரு வசனத்தில் முழு விடயமும் இருக்கிறது. குரோசானில் பட்டரும் மாவும் ஒன்றோடொன்று கலக்காமல், மெல்லிய தாள்களாகத் தனித்தனியே நிற்க வேண்டும். ரௌவியில் கொழுப்பு இளகிய பதத்தில், இங்கே தடிப்பாகவும் அங்கே மெல்லிசாகவும் போக வேண்டும். சில இடத்தில் அடுக்காக நிற்கும், சில இடத்தில் மாவோடு கலந்துவிடும். அடுக்கு நின்ற இடம் உதிரும், கலந்த இடம் இழுபடும். இரண்டும் ஒரே கடியில் வர வேண்டும்.

சரி, செய்முறைக்கு வருவோம். பேனை எடுத்துக்கொள்ளுங்கள். பாணுக்கு என்றே விற்கும் வெள்ளைக் கோதுமை மா 500 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், சிவப்புச் சீனி ஒரு மேசைக்கரண்டி, உப்பு 15 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 350 மில்லிலீட்டர். கொழுப்புக்கு, உப்புச் சேர்க்காத பட்டர் 250 கிராம், பன்றிக் கொழுப்பு 125 கிராம். இங்கே எந்தக் கடையிலும் குளிர்ப்பெட்டியில் வெள்ளைக் கட்டியாக, லார்ட் என்ற பெயரில் கிடைக்கும். உப்பின் அளவைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் சேரும் கொழுப்புக்கும் சேர்த்துத்தான் அந்த உப்பு.

பன்றிக் கொழுப்பு எதற்கு என்று கேட்பீர்கள். பட்டரில் ஆறில் ஒரு பங்குபோலத் தண்ணீர். லார்டில் தண்ணீர் கிடையாது, முழுக்கக் கொழுப்பு. அது மாவை மொறுமொறுப்பாக்கும். பட்டர் மணம் கொடுக்கும். பன்றிக் கொழுப்பு சாப்பிடாதவர்கள் கெட்டியான தாவரக் கொழுப்பை அதே அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். குறைவாக நினைக்க வேண்டியதில்லை. கடையில் விற்கும் ரௌவிகளில் பலவற்றில் இன்று பாம் எண்ணெய் சேர்ந்த தாவரக் கொழுப்புத்தான் இருக்கிறது. பெயரில் பட்டரை வைத்துக்கொண்டு பொருளில் பட்டரே இல்லாத பற்றரியும் உண்டு. பொதியின் பின்பக்கத்தை வாசித்துப் பாருங்கள். முழுவதும் பட்டரிலேயே செய்யலாமா என்றால், செய்யலாம். ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அடிப்பக்கத்தின் பொரிந்த மொறுமொறுப்புக் குறைந்துவிடும்.

மா, ஈஸ்ட், சீனி, உப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, மூடி, இரண்டு மடங்காகப் பொங்கும்வரை ஒரு மணித்தியாலம்போல வையுங்கள். குளிர்காலத்தில் கூடுதல் நேரம் எடுக்கும். இதற்கிடையில் பட்டரையும் லார்டையும் ஒன்றாகக் கிண்ணத்தில் போட்டு மரக்கரண்டியால் அடித்துக் குழைத்து, மூன்று பங்காகப் பிரித்து வையுங்கள். உருக்கிவிடக் கூடாது. விரல் வைத்தால் தடையில்லாமல் இறங்கும் பதம் போதும்.

பொங்கிய மாவை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் நீள்சதுரமாகத் தட்டிக்கொள்ளுங்கள். ஒரு பங்குக் கொழுப்பை மாவின் மூன்றில் இரண்டு பகுதிக்குப் பூசுங்கள். பூசாத பகுதியை முதலில் உள்ளே மடித்து, அதன்மேல் மற்றப் பக்கத்தை மடியுங்கள். துவாயை மூன்றாக மடித்து வைக்கிறோமே, அதே மடிப்பு. நாற்பது நிமிடம் ஓய்வு கொடுங்கள். மீண்டும் தட்டி, இரண்டாம் பங்கு. மீண்டும் ஓய்வு. பிறகு மூன்றாம் பங்கு. இந்த மூன்றாவது சுற்றில் மேசை முழுக்கக் கொழுப்பாகும், மாவு கிழியும், ஓரத்தால் கொழுப்புப் பிதுங்கும். என் முதல் அனுபவத்தில் நான் பதறிப்போய்க் கிழிசலை ஒட்டப் பார்த்தேன். அம்மையார் என் கையைத் தட்டிவிட்டார். அவருடைய தந்தை மாவையும் கொழுப்பையும் தகட்டால் கொத்திக் கொத்தியே சேர்ப்பாராம், கொத்து ரொட்டி போடுவதுபோல. இந்த உவமை அம்மையாருடையது அல்ல, என்னுடையது.

கடைசி ஓய்வுக்குப் பிறகு மாவைப் பதினாறு துண்டாக வெட்டுங்கள். உருட்டாதீர்கள். ஓரங்களை உள்ளே மடித்துத் தட்டில் வைத்து, விரல்முட்டிகளால் அழுத்துங்கள். அம்மையார் இரண்டு கையாலும், பியானோ வாசிப்பவர்போல, எங்கோ பார்த்துக்கொண்டு அழுத்துவார். தட்டில் ஒன்றுக்கொன்று கிட்டக்கிட்ட இருக்கலாம். ஓரம் ஒட்டிக்கொண்டால் பிய்த்தெடுக்கும்போது கிடைக்கும் மெத்தென்ற பக்கத்துக்கு வீட்டில் சண்டை நடக்கும். முக்கால் மணித்தியாலம் பொங்கவிட்டு, 200 பாகை செல்சியஸில் பதினெட்டில் இருந்து இருபத்திரண்டு நிமிடம் வேகவிடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: தட்டுக்கு விளிம்பு இருக்க வேண்டும். வெந்துகொண்டிருக்கும்போது கொழுப்பு வெளியே வந்து கொதிக்கும். பார்த்தால் எல்லாம் பாழாகிவிட்டது என்று தோன்றும். அந்தக் கொழுப்பில்தான் அடிப்பக்கம் பொரிகிறது. விளிம்பில்லாத தட்டில் வைத்து, அது போறணைக்குள் சொட்டி, வீடு முழுக்கப் புகையாகி, கதவைத் திறந்துவிட்டு வெளியே பனியில் நின்ற அனுபவம் எனக்கு இருக்கிறது.

எடுத்தவுடன் கம்பித் தட்டில் வைத்து ஆறவிடுங்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு ரௌவியில் 300 கலோரி அளவில் வருகிறது. வலை இழுக்கப் போகாதவர்களுக்கு ஒன்று போதும் என்பது என் கருத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கருத்து எனக்கே நினைவிருப்பதில்லை.

சாப்பிடும் முறையில் அபர்டீன்காரர்கள் கண்டிப்பானவர்கள். நடுவே பிளந்து உள்ளே எதையும் வைக்க மாட்டார்கள். ரௌவியைக் கவிழ்த்துப் போட்டு, தட்டையான அடிப்பக்கத்தில் பூசுவார்கள். குழி விழுந்த பக்கத்தில் கத்தி ஓடாது, அடிப்பக்கத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும். பூசுவது என்ன தெரியுமா? பட்டர். ஆம், இத்தனை கொழுப்புக்கு மேலே இன்னும் பட்டர். அதற்கு மேலே ஜாம். ராஸ்பெர்ரி ஜாமின் புளிப்பு அந்த உப்போடு சேரும்போது, உப்பு ஏன் அவ்வளவு என்பது நாக்குக்கு விளங்கிவிடும்.

அம்மா சென்ற ஆண்டு வந்து எங்களோடு மூன்று மாதம் இருந்தார். முதல் கடியில், "உப்புக் கூடிப்போச்சு பிள்ளை" என்றார். மூன்றாம் நாள் காலையில் நான் கீழே இறங்கி வரும்போது, அம்மாவும் டோரி அம்மையாரும் சமையலறை மேசையில் எதிரெதிரே இருந்தார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. இருவர் கையிலும் கவிழ்த்த ரௌவி. அம்மா பட்டர் பூசவில்லை. வெறும் தேத்தண்ணீரில் ஒரு ஓரத்தை நனைத்து நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மையார் அதை முகம் சுளித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன்னுடையதையும் மெல்ல நனைத்தார்.

மிஞ்சியதை ஆறியபின் உறைபெட்டியில் வைத்துவிடலாம். சூடாக்கும்போது மட்டும் டோஸ்டருக்குள் செருகாதீர்கள், கொழுப்பு உருகிக் கம்பியில் சொட்டித் தீப்பிடிக்கும். போறணையில் 180 பாகையில் ஐந்து நிமிடம். ஓரம் சடசடவென்று சத்தம் போடத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள்.

வணக்கம்.