இடுப்பில் தூக்க முடியாத வயது

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டெல்டாவில் ஒரு ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் 18 ஆண்டுகள் சிறப்பாசிரியராக வேலை பார்த்தவள் நான். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் உரிமை பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். ஒரு அம்மாவின் இடுப்பிலிருந்து தொடங்குகிறேன்.

கோரையாற்றுப் பாசனத்தில் ஒரு கிராமம். அங்கே மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன். கால்கள் விறைத்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பேச்சு குழறும், பழகினால் புரியும். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறுவான், எல்லாப் பிள்ளைகளையும் போல. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, தெருமுனையில் இருந்த தொடக்கப்பள்ளிக்கு அவன் அம்மா அவனை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். நடுவில் சிறுநீர் கழிக்க வைக்க ஒருதரம் ஓடி வருவார், நடவு வயலில் இருந்தாலும்.

ஆறாம் வகுப்புக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உள்ள நடுநிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். அந்த ஜூன் மாதத்தோடு நின்றுவிட்டது. ஏம்மா என்று கேட்டேன். "அவன் அப்பவும் இப்பிடித்தான் டீச்சர் இருந்தான், இப்பவும் இப்பிடித்தான் இருக்கான். எனக்குத்தான் தூக்க முடியல. முப்பது கிலோ வந்துட்டான்" என்றார்.

அன்று ராத்திரி என் வருகைக் குறிப்பேட்டைப் புரட்டினேன். நடக்க முடியாத பிள்ளைகள் எந்த வயதில் பள்ளியை விட்டு நின்றிருக்கிறார்கள் என்று தேடினேன். பெரும்பாலும் பத்து, பதினொன்று. உடல்நிலை மோசமானதால் நின்ற பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர்தான். மற்றவர்கள் எல்லாம் அம்மாவின் இடுப்பு தாங்காத வயதில் நின்றவர்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பத்தைத் தூக்குகிறவருக்குச் சிப்பத்துக்கு இவ்வளவு என்று கூலிக் கணக்கு இருக்கிறது. இந்த அம்மாக்கள் தூக்கியதற்கு யாரிடமும் கணக்கு இல்லை. அதனால் அவர்கள் கை ஓய்ந்த நாளும் யார் கண்ணிலும் படவில்லை.

வாய்க்கால் என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கோடையில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். அப்போது குறுக்கே இறங்கி ஏறினால் பள்ளிக்கூடம் ஐந்து நிமிஷ நடை. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். பள்ளிக்கூடமும் அதே ஜூனில்தான் திறக்கிறது. புதுத் தண்ணீர் வந்ததும் பூ தூவிக் கும்பிடுகிற ஊர் நம்முடையது. குறுவைக்கு அதுதான் உயிர். ஆனால் தண்ணீர் வந்த அன்றைக்கு அந்தக் குறுக்கு வழி மூடிவிடும். அப்புறம் இருப்பது இரண்டு பனைமரத்தைப் படுக்க வைத்த பாலம்தான். நமக்குக் கால் பழகியது. முப்பது கிலோ பிள்ளையைச் சுமந்துகொண்டு அதன்மேல் நடந்து பார்க்க வேண்டும். சுற்றுப் பாதை இரண்டு கிலோமீட்டர். ஐப்பசி கார்த்திகையில் அந்த மண்சாலையில் களிமண் கால் வைத்தால் விடாது.

சக்கர நாற்காலி கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். முகாமில் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியின் வழுவழுப்பான தரைக்குச் செய்த நாற்காலி அது. முன்சக்கரம் சின்னது, நம் களியில் நேராகப் புதைந்துவிடும். பெரியவர்கள் அளவு என்பதால் அவன் அதில் உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சரிவான். அதை வாசலில் நிறுத்தி, நெல் விதைக்கோட்டையை அடுக்கியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கென்று தலை தாங்கி, மார்புப் பட்டையோடு தனி நாற்காலி இருக்கிறது, அரசே தருகிறது. முகாமில் "பிள்ளைக்கு அளவெடுங்கள்" என்று அழுத்திக் கேளுங்கள். பிள்ளை வளர்ந்தால் அளவும் மாறும், மறுபடி கேளுங்கள்.

இனி நான் மனம்விட்டுச் சொல்ல வேண்டிய ஒன்று. அந்த நடுநிலைப்பள்ளியில், "இங்க வசதி பத்தாதும்மா, வீட்டுக்கே டீச்சர் வருவாங்க, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றார்கள். அம்மா போட்டார். வீட்டுக்கே வரும் அந்த டீச்சர் நான்தான். படிவத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. வீட்டுவழிக் கல்வி என்று பெயர். பையனின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், படிப்பு வீட்டுத் திண்ணையில் நடக்கும். வாரத்தில் ஒரு நாள், சில வாரம் அதுவும் இல்லை. 1 மணி நேரம் நானும் அவனும் எழுத்து, எண், கைக்குப் பயிற்சி என்று ஓட்டுவோம். இப்படியே இரண்டாவது வருஷமும் வந்தது. ஒருநாள் அவன் கேட்டான்: "டீச்சர், எங்க ஸ்கூலு என்ன கலரு?"

இரண்டாவது வருஷமாக அவன் அந்தப் பள்ளியின் மாணவன். அந்தக் கட்டடத்தை அவன் பார்த்ததே இல்லை.

சட்டத்தை இந்த இடத்தில்தான் நாம் பார்க்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. 2012இல் அதில் ஒரு திருத்தம் செய்தார்கள். பல்வகை ஊனமோ கடுமையான ஊனமோ உள்ள குழந்தை வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அந்தத் திருத்தம். தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தைக்கு. பள்ளிக்கு இல்லை. படுத்த படுக்கையாக, மூச்சுக்கே சிரமப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு ஆசிரியர் போவது பெரிய காரியம், அது தொடர வேண்டும். ஆனால் பாலம் சரியில்லை என்பதற்காகவும் படி உயரம் என்பதற்காகவும் ஒரு பிள்ளையை வீட்டோடு வைத்தால் அதற்குத் தேர்வு என்று பெயர் வைக்க முடியாது.

2016இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைவிடத் தெளிவு. 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ள 6 முதல் 18 வயதுவரையான பிள்ளைக்கு அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி, அல்லது அவர்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியில் இலவசக் கல்வி. மற்ற பிள்ளைகளுக்குக் கல்வி உரிமை 14 வயதோடு முடிகிறது, இவர்களுக்கு 18 வரை. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், கட்டடமும் கழிப்பறையும் அந்தப் பிள்ளை பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று 16ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே "இங்க வசதி இல்ல" என்பது ஒரு பள்ளி சொல்லக்கூடிய பதிலே அல்ல. அந்த வசதியைச் செய்வதே அவர்கள் கடமை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் இதே பதிலைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்ததுண்டு. அவர்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும். சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிடுகிறது, ஆட்டிசம் அதில் ஒன்று.

சாய்வுதளம் எல்லாப் பள்ளியிலும் கட்டிவிட்டோமே என்று தலைமையாசிரியர்கள் சொல்வார்கள். உண்மைதான், கட்டியிருக்கிறார்கள். ஆனால் கணக்கு ஒன்று உண்டு. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நான் பார்த்த ஒரு பள்ளியில் ஒன்றரை அடித் தளத்துக்கு நான்கடி நீளத்தில் சறுக்குமரம் மாதிரி கட்டி, அதற்கு நீலப் பெயின்டும் அடித்திருந்தார்கள். காலி நாற்காலியைக்கூட என்னால் மேலே தள்ள முடியவில்லை. இறக்கும்போது பிள்ளை முன்னால் கவிழ்ந்து விழுவான். கட்டின கொத்தனாருக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை. நேயர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு நூலை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள்.

கழிப்பறை பற்றி வானொலியில் பேசத் தயங்குவார்கள், நான் தயங்கப் போவதில்லை. பெண் பிள்ளைகள் நிற்பது இதனால்தான். பெரிய மனுஷி ஆன பிறகு, கைப்பிடி இல்லாத, கதவு குறுகலான, வழுக்கும் கழிப்பறைக்கு அவளை அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. மாற்றுத்திறனாளிப் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதத்துக்கு ஊக்கத்தொகை உண்டு. வாங்கித் தந்திருக்கிறேன். அந்தப் பணத்தால் அந்தக் கதவு அகலமாகவில்லை.

இது பள்ளி நேரத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. நம் பகுதியில் புயலுக்கு ஒதுங்கும் இடம் பள்ளிக்கூடம்தான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் முகாமுக்குப் போகவே இல்லை. நடக்க முடியாத மகளுக்கு அங்கே கழிப்பறை வசதி இருக்காது என்று கூரை பறந்த வீட்டிலேயே கட்டிலுக்கடியில் அவளை வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். பேரிடர்க் காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு தர வேண்டும், அவர்கள் விவரம் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திடம் இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஐப்பசி பிறக்கும் முன்னே உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், எங்கள் பிள்ளை பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கோரையாற்றுப் பையனிடம் திரும்புகிறேன். பள்ளி என்ன கலர் என்று கேட்டானே, அன்று வீட்டுக்குப் போய் எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுவாரம் அவன் அம்மாவிடம், "உங்க கையெழுத்தையும் என் கையெழுத்தையும் திரும்ப வாங்கிக்குவோம்" என்றேன். பயந்தார். "கேட்டா நீங்க வர்றதையும் நிறுத்திடுவாங்களா?" என்றார். நிறுத்த முடியாது என்று சொல்லி முடிக்க அரை நாள் ஆனது.

அக்டோபர் 2 கிராம சபையில் பாலத்துக்கு மனு கொடுத்தோம். "ஒரு பிள்ளைக்காகவா?" என்று ஒருவர் எழுந்தார். அப்போது ஒரு வயசான அம்மா, கோல் ஊன்றி நடப்பவர், "ஏன்யா, நான் ரேஷன் கடைக்கு எந்த வழியா போறேன்னு நெனச்ச?" என்று கேட்டார். சபை அடங்கிவிட்டது. இருந்தாலும் வேலை நடக்கவில்லை. இரண்டாவது தரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போனோம். அவனையும் ஆட்டோவில் கூட்டிப் போனோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு உரியது. அதில் இருந்த இரண்டு தாய்மாரும் கூட வந்தார்கள். அடுத்த கோடையில் வாய்க்கால் வறண்டிருந்தபோது கான்கிரீட் பலகை போட்டு, இரண்டு பக்கமும் கம்பி வைத்தார்கள். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025இல் நம் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியிருக்கிறது. அப்படி ஒருவர் அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தால் எங்களுக்கு இத்தனை நடை இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

எட்டாம் வகுப்புக்கு அவன் நேரில் போனான். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால் ஆறாம் வகுப்பில் உட்கார வைக்க முடியவில்லை. தெருப் பையன்கள் இரண்டு பேர் முறைவைத்து நாற்காலியைத் தள்ளினார்கள். உடன் வருபவருக்கான படித்தொகை அம்மா கைக்கு வந்தது. அந்த சம்பாவுக்கு அவர் முழு நாளும் நடவுக்குப் போனார். பள்ளிக்கூடம் இளம் மஞ்சள் நிறம். முதல் நாள் அவன் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனான்.

கழிப்பறை இன்னும் ஆகவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் நாலு மணிவரை அவன் தண்ணீர் குடிப்பதில்லை. சத்துணவு சாப்பிடும்போதுகூட டம்ளரை நகர்த்தி வைத்துவிடுகிறான் என்று ஆசிரியை சொன்னார். அகலக் கதவு, கைப்பிடி, மேற்கத்திய முறைக் கோப்பை என்று அளவோடு எழுதிய மனு அவன் அம்மாவிடம் தயாராக இருக்கிறது. அடுத்த கிராம சபைக்கு அவருடன் நானும் போகிறேன்.

வணக்கம்.