ஒரு கிப்புக்கு எத்தனை மாதம்?

(இளையோர் விளையாட்டு குறித்துப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பிள்ளைகளைப் பயிற்சிக்கு விட்டுவிட்டு அப்படியே இங்கே வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

ஜிம்னாஸ்டிக்ஸ் பக்கம் இருப்பவர்களிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், எதிர்வீட்டுப் பையன் வாரத்துக்கு மூன்று நாள் கால்பந்து ஆடுகிறான், பள்ளி அணிக்கே போய்விட்டான். என் மகள் ஐந்து நாள் வருகிறாள், இன்னும் பார் கம்பியில் தொங்கிக்கொண்டுதானே இருக்கிறாள்?" கேட்கும் தொனியில் கொஞ்சம் கோபம் இருக்கும். கோபத்தில் நியாயமும் இருக்கும். மகள் செலவிடும் அந்த நேரத்தின் பெரும்பங்கை இந்த விளையாட்டே கேட்கிறது. மிச்சத்தைக் கேட்பது பெரியவர்களாகிய நம்முடைய அவசரம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

கால்பந்துக்கு வரும் பிள்ளை முதல் நாளே பந்தை உதைக்கிறது. குறி தப்பினாலும் அது ஆட்டம்தான். ஆட ஆட, ஆட்டமே பாதியைக் கற்றுக்கொடுத்துவிடும். இங்கே அந்த வசதி இல்லை. அரைப் பல்டி என்று ஒன்று கிடையாது. அடித்தால் காலில் இறங்க வேண்டும், இல்லையென்றால் கழுத்தில். ஆகவே ஒவ்வோர் அசைவையும் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியே பழக்கி, பிறகுதான் ஒட்ட வேண்டியிருக்கிறது.

பாரில் செய்யும் "கிப்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்கு அது ஒன்றுமே இல்லை: கீழே தொங்கியவள் மேலே வந்துவிட்டாள், அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கிறது? பாரைப் பிடித்தபடி, தரையை ஒட்டி, உடல் முழுதாக நீளும்வரை முன்னால் ஊஞ்சலாட வேண்டும். முழுதாக நீண்ட அந்தக் கணத்தில் வயிற்றுத் தசையால் இரண்டு கணுக்கால்களையும் பாருக்குக் கொண்டுவர வேண்டும். உடல் பின்னோக்கித் திரும்பும்போது கையை மடக்காமல், பாரை முழங்காலுக்கும் தொடைக்கும் இடுப்புக்குமாக, கால்சட்டையை இழுத்து ஏற்றுவதுபோல், உரசிக்கொண்டே கொண்டுவர வேண்டும். கடைசியில் மணிக்கட்டைப் பாருக்கு மேலே திருப்ப வேண்டும். கணுக்கால் சற்றுச் சீக்கிரம் வந்தால் ஊஞ்சலின் வேகம் போயிற்று. தாமதமாக வந்தால் பார் தொடையோடு நின்றுவிடும். பல பிள்ளைகளுக்கு இது ஒன்றே மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். அதற்குள் உள்ளங்கைத் தோல் காய்த்து, காய்ப்பு கிழிந்து, மறுபடி காய்த்திருக்கும். இத்தனைக்கும் போட்டியில் கிப் ஒரு சாதனையே அல்ல. மேலே ஏறுவதற்கான வழி, அவ்வளவே.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இதை யாரும் போடுவதில்லை. பத்துப் பிள்ளைகள், ஒரு பார், இரண்டு மணி நேர வகுப்பு. முதல் அரை மணி உடலைச் சூடேற்ற. அடுத்த அரை மணி வயிறு, தோள், முதுகுத் தசைகளுக்கான பயிற்சி. மிச்சம் ஒரு மணி நேரத்தைப் பத்தால் வகுத்தால் ஆளுக்கு ஆறு நிமிடம். ஒரு முயற்சிக்குப் பத்து, பதினைந்து விநாடிக்கு மேல் போகாது. அதற்குள் கை சோர்ந்துவிடும். கால்பந்து மைதானத்தில் 22 பேர் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள். இங்கே பிள்ளை வரிசையில் நிற்கிறது. உங்கள் மகள் வாரத்துக்குப் பத்து மணி நேரம் வருகிறாள் என்றால், பாரைப் பிடித்திருக்கும் நேரம் அரை மணிதான் இருக்கும்.

அதுவும் ஒரு கருவி அல்ல. பெண்களுக்கு நான்கு, ஆண்களுக்கு ஆறு. ஒவ்வொன்றும் ஒரு தனி விளையாட்டு என்றே சொல்வேன். பேலன்ஸ் பீம் என்னும் குறுகிய சட்டத்தின் அகலம் 10 சென்டிமீட்டர், தரையிலிருந்து உயரம் 1.25 மீட்டர். விரிப்பின் மேல் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் பல்டியை அங்கே செய்ய, அதே பிள்ளை முதல் பாடத்துக்குத் திரும்ப வேண்டும்: தரையில் வரைந்த கோடு, பிறகு தாழ்ந்த பீம், பிறகு மெத்தை அடுக்கிய பீம், கடைசியில்தான் அசல் பீம். பயத்தையும் இப்படிப் படிப்படியாகத்தான் இறக்க முடியும். அதை விரட்டப் பார்க்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். என் பிள்ளையை அவர்களிடம் விடமாட்டேன்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. திரிபுராவின் அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர் ஆறு வயதில் பயிற்சிக்கு வந்தபோது அவருக்குத் தட்டைப் பாதம். ஓடவும் தாண்டவும் இறங்கவும் பாதத்தில் வளைவு வேண்டும். ஓடிவந்து மேசையைத் தாண்டும் வால்ட் பிரிவைப் பற்றி யோசிப்பதற்கு முன் பாதத்தைச் சரிசெய்வதே பெரும் வேலையாக இருந்தது. கருவி வாங்க வசதி இல்லாத அந்த நாள்களில், பழைய ஸ்கூட்டர் பாகங்களைக் கொண்டு செய்த ஏற்பாட்டில்தான் அவர் தாண்டிப் பழகினார். பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தி அவரை ப்ரொடுனோவா வால்ட்டுக்குக் கொண்டுவந்தார். ஓடிவந்து, மேசையில் கையை ஊன்றி எழும்பி, காற்றில் முன்பக்கமாக இரண்டு பல்டி அடித்து இறங்கும் வால்ட் அது. முன்பக்கப் பல்டியில் இறங்கும் நேரத்தில் தரை கண்ணுக்குத் தெரியாது. ஒலிம்பிக்கில் போட்டியிட்ட முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை அவர்தான்.

2016 ரியோ ஒலிம்பிக்கின் வால்ட் இறுதிப் போட்டியில் அவர் பெற்றது 15.066. வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபர் 15.216. இடைவெளி 0.15. இரண்டு வால்ட்களின் சராசரிதான் மதிப்பெண் என்பதால், மொத்தத்தில் பார்த்தால் 0.30. இறங்கியதும் தோள் அகலத்துக்கு மேல் ஒரு காலடி எடுத்து வைத்தால் குறைப்பதும் அதே 0.30-தான். பதினைந்து ஆண்டுக்கும் மேலான உழைப்பின் கடைசியில் பதக்கத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவே நின்றது ஒரு காலடி. கால்பந்தில் ஒரு தப்பை அடுத்த நிமிடக் கோல் அழித்துவிடும். இங்கே விழுந்தால் ஒரு முழுப் புள்ளி போய்விடும், அதை அந்த வால்டில் திரும்ப எடுக்க வழி கிடையாது.

சரி, விளையாட்டு கேட்பதைச் சொல்லிவிட்டேன். அவசரம் எங்கிருந்து வந்தது?

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி முழுப் பத்துப் புள்ளி பெற்றபோது அவருக்கு வயது 14. பலகையில் 10.00 காட்ட வசதியில்லாமல் 1.00 என்று காட்டினார்கள். அந்தக் காட்சி உலகம் முழுவதும் பயிற்சியாளர்களின் மனத்தில் பதிந்துவிட்டது: சிறிய உடல், பருவம் எய்துமுன் முடித்துவிட வேண்டும். அதில் இயற்பியல் இல்லாமல் இல்லை. குட்டையான உடல் வேகமாகச் சுழலும். ஒரே வருடத்தில் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்த பிள்ளைக்குப் பழகிய பல்டியின் நேரக்கணக்கெல்லாம் பிசகும், மறுபடி பழக்க வேண்டும். ஆனால் இந்தச் சிரமத்தைத் தவிர்ப்பதற்காக எட்டு வயதில் வாரத்துக்கு இருபது மணி நேரம் திணிப்பது வேறு விஷயம். 1997 முதல் சர்வதேசப் பெரியோர் போட்டிகளில் பெண்களுக்குக் குறைந்தபட்ச வயது 16. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிடினா எட்டு ஒலிம்பிக்குகளில் ஆடினார். டோக்கியோவில் அவருக்கு 46 வயது. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றது 27 வயதில். தீபா ஆசியச் சாம்பியன் ஆனது 2024-இல், முப்பது வயதில். பிறகு யாருக்காக இந்த ஓட்டம்?

ஓட்டத்தின் விலையைப் பிள்ளையின் எலும்பு கொடுக்கிறது. கையில் நின்று, கையால் தள்ளி எழும்பும் விளையாட்டு என்பதால் மணிக்கட்டிலுள்ள வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளரும் மென்மையான பகுதி, அடிபடுகிறது. முதுகைத் திரும்பத் திரும்பப் பின்னால் வளைப்பதால் கீழ்முதுகு எலும்பில் நுண்ணிய முறிவு வருகிறது. விளையாட்டு மருத்துவர்கள் ஒரு தோராய வரம்பு சொல்கிறார்கள்: ஒரே விளையாட்டில் வாரத்துக்கு, பிள்ளையின் வயதைவிட அதிக மணி நேரம் வேண்டாம். எட்டு வயது என்றால் எட்டு மணி. உயர்நிலைப் பயிற்சிக்கூடங்களில் இந்த வரம்பு தாண்டப்படுகிறது என்பது எனக்கும் தெரியும். தாண்டுகிறோம் என்று தெரிந்து தாண்டுங்கள், மருத்துவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு தாண்டுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் பல ஆண்டுகள் சிறுமிகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கி, 2018-இல் தண்டனை பெற்றான். நீண்ட நேரம், சிறு வயது, கேள்வி கேட்கக் கூடாத ஒழுக்கம், வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெற்றோர்: இவை சேர்ந்த இடத்தில்தான் அது அத்தனை காலம் மறைந்திருந்தது. பெற்றோர் உட்கார்ந்து பார்க்க நாற்காலி போடாத பயிற்சிக்கூடம் எவ்வளவு பதக்கம் வாங்கியிருந்தாலும் சேர்க்காதீர்கள்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். உருள, தொங்க, கையில் நிற்க, விழக் கற்றுக்கொள்ளட்டும். எட்டு, ஒன்பதில் அதுவாகவே மூன்றாம் நாள் கேட்கும், கேட்டால் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. முதுகு வலிக்கிறது என்று இரண்டு வாரமாகச் சொன்னால் தைலம் தேய்க்க வேண்டாம், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்திவிடலாமா என்று ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். நிறுத்த வேண்டாம். தேர்வு முடியும்வரை வாரம் இரண்டு நாளாகக் குறையுங்கள்; புதிதாக எதையும் ஏற்றாமல், கற்றதை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் ஏப்ரலில் மறுபடி தொடங்கலாம்.