ராத்திரி டான்ஸ் கிளப், பக்கத்துலயே வைத்தியசாலை: ஜூவல் அம்மாவோட 42 வருஷம்

(திரையில: ராத்திரி ரோடு, வரிசையா லாரி லைட்டு, ஓரத்துல ஒரு தட்டுக்கடை)

வணக்கம்ங்க, கொழிஞ்சாம்பாறையில இருந்து பேசுறேன். பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுக்கா, வீட்ல தமிழு, ஆபீஸ்ல மலையாளம், கடைவீதியில ரெண்டும் கலந்து.

இன்னைக்கு சொல்லப்போற கதை அமெரிக்காவுல நடந்தது, ஆனா எனக்கு அது இங்க கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கத்துல இருக்கிற ஒரு தட்டுக்கடையில இருந்துதான் ஆரம்பிக்குது. போன மாசம் ராத்திரி பதினோரு மணி இருக்கும், கட்டன் சாயா குடிச்சிட்டு நிக்கிறேன், ரெண்டு திருநங்கை அக்காங்க வந்து கொஞ்சம் தள்ளியே நின்னுக்கிட்டு "சேச்சி, நாலு தோசை பார்சல்"னாங்க. கடைக்கார சேச்சி கல்லுல எண்ணெய் தேய்ச்சிக்கிட்டே திரும்பாம சொன்னாங்க, "பார்சல் எதுக்கு, வீடு போறதுக்குள்ள வரட்டி மாதிரி ஆயிரும், உக்காந்து சூடா தின்னுங்க"ன்னு. பெஞ்சுல ஒரு டிரைவர் அண்ணன் பை வச்சிருந்தாரு, சேச்சி அதை எடுத்து அவர் மடியிலயே வச்சிட்டாங்க. அவரும் ஒண்ணும் சொல்லல, நகந்துக்கிட்டாரு. சாப்பிட்டு கை கழுவ வந்தப்ப அதுல ஒரு அக்கா எங்கிட்ட சொன்னது, "இந்த ரோட்ல நாங்க உக்காந்து திங்கிறது இந்த ஒரு கடையிலதான் தம்பி."

அந்த ஒரு வார்த்தைய மனசுல வச்சிக்கிட்டு இந்தக் கதைய கேளுங்க.

(திரையில: லாஸ் ஏஞ்சல்ஸ் வரைபடம், பிக்கோ பொலிவார்ட்)

அவங்க பேரு ஜூவல் டைஸ்-வில்லியம்ஸ். 1939ல பிறந்த கறுப்பினப் பெண், தன்பாலீர்ப்பாளர், நான் ஜூவல் அம்மான்னே சொல்றேன். 1973ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல பிக்கோ பொலிவார்ட்ங்கிற ரோட்ல ஒரு பழைய பாரை வாங்கி டான்ஸ் கிளப்பாக்கி 'கேட்ச் ஒன்'னு பேரு வச்சாங்க. முன்னாடி துணிக்கடை வச்சிருந்தாங்க, நாடு பொருளாதாரத்துல படுத்துக்கிட்டா மொதல்ல நின்னுபோற வியாபாரம் துணிதானே, எப்பவும் ஓடுற தொழில் எதுன்னு யோசிச்சு பாருக்கு வந்தாங்க. ஒரு பொம்பள பார் வாங்குறது அன்னைக்கு எவ்வளவு பெரிய விஷயம்னா, கலிபோர்னியாவுல ஒரு பொண்ணு பார்ல நின்னு மது ஊத்திக் குடுக்கிறதுக்கே சட்டத்துல தடை இருந்துச்சு, லைசென்ஸ் அவங்க பேர்லயோ புருஷன் பேர்லயோ இருந்தா மட்டும்தான் முடியும், 1971லதான் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. அது அந்தக் காலம்னு நினைச்சுடாதீங்க, நம்ம டெல்லியில பழைய பஞ்சாப் கலால் சட்டத்துல இதே மாதிரி ஒரு தடை இருந்து 2007 டிசம்பர்லதான் நம்ம சுப்ரீம் கோர்ட் அதை தள்ளுச்சு.

இப்ப கேட்ச் ஒன் ஏன் பெருசுன்னா, அந்த ஊர்ல தன்பாலீர்ப்பாளர்களுக்குன்னு டிஸ்கோக்கள் இருந்துச்சு, ஆனா வாசல்ல கறுப்பா ஒருத்தர் வந்து நின்னா, இல்ல பொம்பளைங்க வந்தா, ஒரு ஐடி பத்தாது ரெண்டு காட்டு மூணு காட்டுன்னு கேட்டு திருப்பி அனுப்புவாங்க. ஏற்கெனவே வீட்ல இடமில்லாதவங்க, வேலையில மறைச்சு வாழுறவங்க, கடைசியா தன்னோட ஆளுங்கன்னு நம்பி வந்த வாசல்லயும் ஐடி கேட்டு விரட்டுனா அவங்க எங்க போவாங்க? ஜூவல் அம்மா அந்த வாசலை தொறந்து வச்சாங்க. கறுப்பின ஆண்கள், பெண்கள், திருநர்கள், லத்தீன் ஆளுங்க, யாரு வேணா வரலாம். நான் அவங்களோட சமூக சேவைய இந்த எடத்துல இருந்தே எண்ணுவேன். நிறைய பேர் சம்பாதிச்சு முடிச்சிட்டு தர்மம் பண்ணுவாங்க, இவங்க கடைய தொறந்த அன்னைக்கே ஆரம்பிச்சிட்டாங்க.

பேரும் புகழும் வந்துச்சு, பெரிய பெரிய பாடகர்கள் வந்தாங்க, 2000ல மடோனா 'மியூசிக்'ங்கிற அவங்க ஆல்பத்துக்கு பார்ட்டி வச்சதே இங்கதான், அதெல்லாம் இருக்கட்டும். 1985ல கட்டிடத்துல தீ பிடிச்சு மேல் மாடி போச்சு. விட்டுட்டுப் போகல, திரும்பக் கட்டுனாங்க.

(திரையில: 1980கள்னு எழுத்து, பின்னாடி இசை இல்ல)

அதே சமயத்துலதான் எய்ட்ஸ். இங்க கொஞ்சம் மெதுவா போலாம். ஒரு டான்ஸ் கிளப் ஓனருக்கு வாடிக்கையாளர் முகம் எல்லாம் தெரியும், யாரு எந்த மூலையில நிப்பாங்க, யாருக்கு எந்த பாட்டு போட்டா வருவாங்கன்னு. அந்த முகங்க ஒவ்வொண்ணா வராம போகுது. ஆஸ்பத்திரி போனா தொடுறதுக்கு பயப்படுறாங்க, வீட்ல பொணத்தக்கூட வாங்க மாட்டேங்கிறாங்க, அப்ப வந்த உதவி அமைப்புகள்ல பெரும்பாலானது வெள்ளைக்கார ஆண்கள் பக்கமே சாஞ்சிருந்துச்சு. கார்ல் பீன்னு ஒரு பாதிரியார், முன்னாடி பாடகர், அவர் 1985ல கறுப்பின மக்களுக்காக மைனாரிட்டி எய்ட்ஸ் ப்ராஜெக்ட் ஆரம்பிச்சப்ப ஜூவல் அம்மா கூட நின்னு உருவாக்குனாங்க. அப்புறம் அவங்களும் அவங்க வாழ்க்கைத் துணை ரூவும் சேர்ந்து ரூஸ் ஹவுஸ்னு ஒரு வீடு தொறந்தாங்க, எச்.ஐ.வி வந்த பொம்பளைங்களும் அவங்க பிள்ளைங்களும் தங்குறதுக்கு. அந்த மாதிரி வீடு அன்னைக்கு அமெரிக்காவுலயே விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான். தாய்க்கு நோய்னா பிள்ளைய எங்க விடுறதுங்கிற கேள்வி, அதை யோசிக்க ஒரு பொம்பள தேவைப்பட்டுச்சு. மருந்துங்க நல்லா வந்து நிலைமை மாறுனதும் அதே வீடு குடியை விட்டு மீண்டு வர்றவங்க தங்குற இடமாச்சு.

இங்க ஒரு கேள்வி வரும்னு எனக்கு தெரியும், எங்க மாமாவே கேட்டாரு: "சாராயம் வித்த காசுல என்னடா புண்ணியம்?" நம்ம சித்தூர் தாலுக்காக்காரங்களுக்கு இது புதுசில்ல, கேரளாவுல பல ஊருக்கு கள்ளு இங்க இருந்துதான் போகுது, 1987ல தமிழ்நாட்ல கள்ளுக்கு தடை போட்டதுல இருந்து பொள்ளாச்சி பக்கத்து ஆளுங்க எல்லை தாண்டி இங்க வந்துதான் குடிக்கிறாங்க, அந்தக் காசுலதான் எத்தனையோ வீட்டுப் பிள்ளைங்க படிச்சிருக்கு. குடி கெடுக்கும்னு ஜூவல் அம்மாவுக்கு தெரியாதா, தெரிஞ்சதாலதான் அவங்க அடுத்து பண்ணது.

ஐம்பது வயசுக்கு மேல திரும்பப் படிக்கப் போனாங்க. கீழ்த்திசை மருத்துவம், அதாவது அக்குபஞ்சர், மூலிகை, சாப்பாட்டு வைத்தியம், 1998ல பட்டம், அப்ப வயசு 59. 2001ல கிளப்புக்கு பக்கத்துலயே வில்லேஜ் ஹெல்த் ஃபவுண்டேஷன்னு லாப நோக்கமில்லாத வைத்தியசாலை தொறந்தாங்க. அந்தப் பகுதி ஜனங்களுக்கு சர்க்கரை, பிரஷர், உடம்புப் பருமன், டாக்டர் ஃபீஸ் கட்ட முடியாது. முடிஞ்சத குடுன்னு பாத்தாங்க. ராத்திரி கிளப் நடத்துன அதே ஆளு பகல்ல அக்குபஞ்சர் ஊசி எடுத்து நாடி பாத்து கீரை சாப்பிடுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

நம்ம பக்கத்துல என்ன நடக்குதுன்னும் சொல்லணும். திருநர்களுக்குன்னு தனி கொள்கை கொண்டுவந்த முதல் மாநிலம் கேரளாதான், 2015ல. தமிழ்நாடு 2008லயே நல வாரியம் அமைச்சிருச்சு. 2017ல கொச்சி மெட்ரோ 23 திருநர்களுக்கு வேலை குடுத்துச்சு, நாடே பாராட்டுச்சு, ஆனா அதுல சில பேர் சீக்கிரமே வேலைய விட்டுட்டாங்க, காரணம் கொச்சியில யாரும் வாடகைக்கு வீடு தரல. கையில வேலை இருக்கு, ராத்திரி படுக்க ஒரு ரூம் இல்ல. இதப் படிச்சப்ப எனக்கு ரூஸ் ஹவுஸ்தான் ஞாபகம் வந்துச்சு. தன்பாலீர்ப்ப குற்றமாக்குன 377 பிரிவு, சம்மதத்தோட சேர்ற பெரியவங்களுக்கு பொருந்தாதுன்னு 2018 செப்டம்பர் 6ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, சட்டம் கதவை தொறந்துருச்சு, ஆனா வீட்டு ஓனர் கதவு அவரு கையிலதான இருக்கு.

ஜூவல் அம்மா 2015ல கிளப்ப வித்தாங்க, 42 வருஷம். 2019ல கிளப் பக்கத்து ரோடு சந்திப்புக்கே ஜூவல் டைஸ்-வில்லியம்ஸ் சதுக்கம்னு ஊர் பேர் வச்சுது. 2025 ஜூலை 7ல காலமானாங்க, வயசு 86.

(திரையில: தட்டுக்கடை, தோசைக்கல்லு)

இந்த வீடியோவுக்கு எழுதிட்டு நேத்து ராத்திரி சேச்சி கடைக்குப் போயி போன்ல ஜூவல் அம்மா போட்டோவ காட்டி முழுக் கதையும் சொன்னேன். மாவு ஊத்திக்கிட்டே கேட்டாங்க. முடிஞ்சதும் ஒரே கேள்வி, "42 வருஷமும் ஒரே எடத்துலயா? வாடகை எப்பிடி கட்டுனாங்க?" கட்டிடமே அவங்க சொந்தம் சேச்சின்னேன். "அதுதான்"னாங்க. அவங்க கடை புறம்போக்குல நிக்குது, ரோடு அகலப்படுத்துறாங்கன்னு பேச்சு அடிபடுது. தோசைய திருப்பிப் போட்டாங்க, பெஞ்ச ஒரு தடவை துடைச்சாங்க, அந்த அக்காங்க வர்ற நேரம் அது.