வண்டியில் அமர்ந்திருக்கும் அந்தப் பெண் யார்?

சரி, அடுத்த கேள்வி. போன வீடியோவில் காட்டிய ரஷ்ய ஓவியத்தைப் பற்றி ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "கிராம்ஸ்கோய் வரைந்த அந்தப் பெண் அன்னா கரேனினாதானே? ஏன் இவ்வளவு திமிராகப் பார்க்கிறாள்?"

முதல் பாதிக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அவள் தல்ஸ்தோயின் 'அன்னா கரேனினா' நாவலின் நாயகி என்பதற்கு ஆதாரம் கிடையாது. இவான் கிராம்ஸ்கோய் 1883-இல் இந்தப் படத்துக்கு வைத்த பெயரே 'அறியப்படாத பெண்' என்பதுதான். ஆனாலும் அந்தப் பேச்சு சும்மா கிளம்பவில்லை. 1873-இல் தல்ஸ்தோய் அந்த நாவலை எழுதிக்கொண்டிருந்த நாட்களில்தான் கிராம்ஸ்கோய் அவரை நேரில் பார்த்து வரைந்தார். பிறகு இப்படி ஒரு பெண்ணை வரைந்ததும், நாவலைப் படித்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

இனி அந்தத் திமிர். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இடம் பீட்டர்ஸ்பர்க், நேவ்ஸ்கி பெருவீதி. குளிர்காலப் பனிமூட்டம். அவள் திறந்த குதிரை வண்டியில் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நாம் எங்கே இருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கீழே, தெருவில், நடந்து போகிறவர்களாக நிற்கிறோம். ஓவியர் நம் கண்ணை அவ்வளவு தாழ்வாக வைத்துவிட்டார். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் யாருடைய முகமும் நம்மை மேலிருந்து அளப்பது போலத்தான் தெரியும். பின்னால் அனீச்கொவ் அரண்மனைப் பக்கத்துக் கட்டடங்களைப் பனியில் கரைத்துவிட்டு, கறுப்பு உடையையும் முகத்தையும் மட்டும் கூர்மையாக நிறுத்தியிருக்கிறார். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த வேலை அதுதான்.

அப்புறம் அந்த உடை. தீக்கோழி இறகு வைத்த தொப்பி, ஃபர் வைத்துத் தைத்து நீல ரிப்பன் கட்டிய கோட்டு, மெல்லிய தோல் கையுறை, தங்க வளையல். எல்லாமே அந்தக் காலத்தின் புதுப்பாணி. இதுவே அவளுக்கு வினையாகிவிட்டது. பரம்பரைப் பிரபு வீட்டுப் பெண்கள் இப்படிப் புதுப்பாணியை முழுசாக உடுத்தமாட்டார்கள், இவள் யாரோ பணக்காரனின் ஆசைநாயகியாக இருப்பாள் என்று அன்றைய விமர்சகர்கள் எழுதினார்கள். ரஷ்ய ஓவியங்களைத் தேடித் தேடி வாங்கிய திரெத்தியாகொவ்கூட இதை வாங்கவில்லை. புரட்சிக்குப் பிறகு, 1925-இல்தான் அவர் பெயரிலான அந்த மாஸ்கோ கலைக்கூடத்துக்கு இது வந்து சேர்ந்தது.

துணையில்லாமல், நிமிர்ந்து, வழிப்போக்கரை நேராகப் பார்க்கும் ஓர் இளம்பெண்ணுக்கு அந்த விமர்சகர்கள் கொடுத்த பெயரைத்தான் 'திமிர்' என்று நாமும் சொல்கிறோமோ என்று எனக்குத் தோன்றும். படத்தைப் பெரிதாக்கி, அவளுடைய வாயை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு அந்தக் கண்களை மட்டும் பாருங்கள். பாதி தாழ்ந்த இமைகளுக்கு அடியில் ஓர் ஈரம் பளபளக்கும். உங்களுக்கு என்ன தெரிந்தது என்று கீழே எழுதுங்கள்.